முப்பத்தொரு பாஸ்போர்ட்டும் எரேமியாவின் ஆமென்னும்

திருவிருந்து மேஜையின் மேல் அன்று அப்பமும் திராட்சரசமும் இல்லை. பாஸ்போர்ட்டுகள் இருந்தன. வெள்ளைத் துணி விரித்து நாலு அடுக்காக வைத்திருந்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணினேன். முப்பத்தொன்று. முதல் அடுக்கில் மேலே இருந்தது என் தங்கை ஷீலாவுடையது. அட்டையின் ஓரத்தில் டிங்க்சர் கறை இருந்ததால் தெரிந்துகொண்டேன். அவள் நர்ஸ்.

சென்னையிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் இரண்டு கைகளையும் அவற்றின் மேல் வைத்தார். கண்ணை மூடினார். 

"கர்த்தர் எனக்குக் காட்டிட்டார். இன்னும் ரெண்டே கிறிஸ்மஸ். அதுக்குள்ள இந்த மேஜை மேல இருக்கிற ஒவ்வொரு பேரும் கடல் தாண்டும். நம்புறவங்க கை தட்டுங்க!"

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரில் எத்தனையோ எழுதிவிட்டேன், இந்தப் பதினைந்து நாட்களை மட்டும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இதில் நான் நல்லவளாக வரும் இடம் குறைவு.

டயர் கடை மாடி

எங்கள் சபை திருப்பதியில், ரேணிகுண்டா ரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் இருந்தது. கோடைக்காலத்தில் பாட்டுப் பாட வாயைத் திறந்தால் ரப்பர் வாசனை உள்ளே போகும். வந்தவர்களில் பெரும்பாலோர் என்னைப் போல எல்லையோரத் தமிழர்கள். விஜயபுரம், நகரி பக்கம் அடுத்தவர் கொல்லையில் கடலை பிடுங்கிய குடும்பங்கள். எங்கள் நைனாவும் அப்படிப் பிடுங்கியவர்தான். என்னை டீச்சராகவும் ஷீலாவை நர்ஸாகவும் ஆக்கிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

பேஜர் வந்து, செல்போன் இன்னும் வராத காலம் அது. தெருவுக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. டி.வி.யில் புதுக் கார், புதுச் சோப்பு, புதுச் சிரிப்பு. ஆனால் சித்தூர்ப் பக்கம் சின்னச் சின்ன ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. இன்றைக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்கு விடியற்காலையில் கம்பெனி பஸ்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகின்றன. அன்றைக்கு அந்தப் பெயரே கிடையாது. வேலை என்றால் குவைத், மஸ்கட், துபாய்.

என் கணவரும் குவைத்தில்தான் இருந்தார். வெல்டர். விமானம் ஏறும்போது, "ரெண்டே வருஷம்" என்றார். ஷீலாவின் பாஸ்போர்ட் மேஜையில் இருந்த அன்று ஏழாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. அவர் வந்ததும் சொந்த வீட்டுக்குப் போய்விடப் போகிறோம் என்று, இருந்த வாடகை வீட்டில் நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. பாதிச் சாமான்கள் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன. வாசலில் இரண்டு முழ மண் இருந்தது. ஒரு கறிவேப்பிலைக் கன்றுகூட வைத்ததில்லை.

சித்தூரிலிருந்து வந்த ஆர்டர்

ஜெபம் முடிந்ததும் பாஸ்போர்ட்டுகளைப் பிரசங்கியார் தனக்குத் தெரிந்த சென்னை ஏஜெண்டுக்கு அனுப்பிவைத்தார். மறுநாள் ஷீலாவுக்குப் பதிவுத் தபால் வந்தது. சித்தூர் மாவட்ட ஆபீசிலிருந்து. விஜயபுரம் பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் நிரந்தர வேலை. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும், தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும். நாலு வருஷம் காத்திருந்து வந்த ஆர்டர்.

அவள் அதைப் படித்துவிட்டு, மடித்து, அரிசி டப்பாவின் கீழே வைத்தாள்.

"எப்ப ஜாயின் பண்றே?" என்றேன்.

"எதுக்குக்கா? சேந்த கையோட ரிசைன் பண்றதுக்கா? எனக்கு வாக்கு வந்துக்கீது. அதுக்கு மேல இந்தக் காயிதத்தைப் புடிச்சிக்கினு நின்னா அவிசுவாசம்னு ஆயிடும்."

"யாரு சொன்னது அப்பிடின்னு?"

"பிரசங்கியார்கிட்ட கேட்டேன். பார்வோன்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டு செங்கடலைத் தாண்ட முடியாதுன்னாரு."

சொன்ன விதம் அழகாகத்தான் இருந்தது. அவர் தங்கியிருந்த ஒரு மாதத்தில் இந்த ஊரைப் பற்றிச் சொன்னதெல்லாம் இப்படித்தான் இருக்கும். திருப்பதி பாபிலோன், திருப்பதி எகிப்து. இங்கே வேர் விடாதே, பெட்டியைக் கட்டி வை. கேட்கும்போது உடம்பு சிலிர்க்கும். வீட்டுக்கு வந்தால் என் அட்டைப்பெட்டிகள் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கும்.

நான் தாண்ட நினைத்த அதிகாரம்

புதன்கிழமைகளில் பாஸ்டர் ஐயா வீட்டுக் கூடத்தில் பெண்கள் கூட்டம். வேதம் வாசித்து விளக்குவது என் வேலை. ஐந்தாறு மாதமாக எரேமியாவின் தீர்க்கதரிசனத்தை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தோம். எரேமியா கழுத்தில் நுகத்தடியை மாட்டிக்கொண்டு எருசலேம் தெருக்களில் நிற்பதுவரை வந்திருந்தது. பாபிலோன் ராஜாவின் பாரத்தைச் சுமக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை என்று ஜனங்களுக்குக் காட்டத்தான் அந்த நுகம்.

அடுத்து என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி ஆலயத்துக்குள் எல்லோர் முன்னாலும் வருகிறான். இரண்டே வருஷம், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறான். கூட்டம் எப்படிக் கை தட்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதை ஷீலா முன்னால், பாஸ்டரம்மா முன்னால், பாஸ்போர்ட் கொடுத்த பதினாறு பெண்கள் முன்னால் எப்படி வாசிப்பேன்? தாண்டிவிடுவது என்று முடிவு செய்தேன். நேராக, சிறைப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்துக்குப் போய், அதில் நம் எல்லோர் வீட்டுக் காலண்டரிலும் தொங்கும் அந்த ஒரு வாக்குத்தத்தத்தை மட்டும் எடுத்துப் பேசிவிடலாம். கடவுள் நம்மைக் குறித்து நல்ல நினைவுகளை வைத்திருக்கிறார், நல்ல முடிவைத் தருவார் என்று வருமே, அது. பிரசங்கியார் நிற்கும் மேடைக்குப் பின்னாலும் அதைத்தான் தெர்மக்கோலில் வெட்டி ஒட்டியிருந்தார்கள்.

பக்கத்தைப் புரட்டினேன். குணம்மா குறுக்கே பேசினாள்.

குணம்மா ஒரு லாட்ஜில் பக்தர்கள் படுத்து எழும் படுக்கை விரிப்புகளைத் துவைப்பவள். கணவன் இல்லை. கல்யாண வயதில் ஒரு மகள். எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே ஒரு வார்த்தை விடாமல் நினைவில் வைத்திருப்பாள்.

"டீச்சரம்மா, போன வாரம் அவுரு கழுத்துல நுகத்தைப் போட்டுக்கினு நின்னுக்கினு இருந்தாரே. அதை எறக்கினாங்களா இல்லியா? அத்த சொல்லாம எங்கியோ தாவுறீங்களே."

கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.  பக்கத்தைத் திருப்பி வாசித்தேன். 'இரண்டு வருஷம்' என்ற வார்த்தை வந்த இடத்தில் பாஸ்டரம்மா சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார்.

ஷீலா எழுந்துவிட்டாள்.

"நிறுத்துக்கா. இது யாரைச் சொல்றேன்னு எல்லாருக்கும் தெரியுது. மாமா மட்டும் குவைத்துல இருக்கலாம். அந்தக் காசுல நீ பிரிட்ஜ் வாங்கலாம். நாங்க போவணும்னா மட்டும் எரேமியாவா?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் முழுப் பதில் இல்லை. வேதத்தைக் குனிந்து பார்த்தேன். பல தடவை வாசித்த அதிகாரம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தை அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அனனியா சொன்னதைக் கேட்டதும் எரேமியா முதலில் சொன்னது, "ஆமென்". அப்படியே ஆகட்டும், நீ சொன்னபடியே கர்த்தர் செய்யட்டும் என்கிறார். அதற்குப் பிறகுதான் மறுப்பு. நுகத்தை உடைத்த பிறகும் சண்டை போடவில்லை. தன் வழியே போய்விடுகிறார்.

"ஷீலா, இவரும் ஆமென்னுதான் சொல்லிக்கீறாரு" என்றேன். "எனக்கும் நீ போவணும்னுதான் ஆசை. நீ நல்லாருக்கணும்னு ஆசை. ஆனா ஆசைப்பட்டதால அது கர்த்தர் சொன்னதா ஆயிடாது."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மீதி அதிகாரத்தையும் அடுத்ததையும் வாசித்து முடித்தேன். காலண்டர் வாக்கு வந்தபோது அதன் முன்னால் இருந்ததையும் சேர்த்து வாசித்தேன். அந்தக் கடிதம், எழுபது வருஷம் அங்கேயே இருக்கப் போகிறவர்களுக்கு எழுதியது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கும் அந்த ஊர் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறது. அந்த ஊர் என்றால் பாபிலோன். நாங்கள் ஒரு நாளும் திருப்பதி நன்றாக இருக்க வேண்டும் என்று ஜெபித்ததில்லை.

விசா வந்தது

மறுநாள் வியாழக்கிழமை, நான்கு விசாக்கள் வந்துவிட்டன.

உண்மையாகவே வந்துவிட்டன. ஷீலாவுக்கு, குணம்மாவுக்கு, இன்னும் இரண்டு பெண்களுக்கு. எல்லாம் குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை என்றார்கள்; ஷீலாவுக்கு நர்ஸ். மாலையில் மாடியில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். பிரசங்கியார் என்னைப் பார்க்காமலே, "சில பேர் தங்களோட அவிசுவாசத்தை வேதப்புஸ்தகத்துக்குள்ள ஒளிச்சு வச்சு வாசிக்கிறாங்க" என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்கள்.

அப்போது எனக்கு வந்த பயம் வேறு. ஒருவேளை கர்த்தர் சொல்லாததைச் சொன்ன அனனியா நான்தானோ?

இரவுச் சாப்பாட்டுக்கு ஷீலா வந்தாள். முகமெல்லாம் ஒளி. விசாவின் ஜெராக்ஸைத் தட்டுப் பக்கத்தில் வைத்தாள். முழுக்க அரபி எழுத்து. அவள் போட்டோ. கீழே இங்கிலீஷில் அவள் பெயர் மட்டும்.

"பாத்தியா?"

"பாத்தேன். இதுல நர்ஸுன்னு எங்க போட்டுக்கீது?"

"அரபியில போட்டுக்கீது. ஏஜெண்டு சொன்னாரு."

"இதை ஒரு நாள் எங்கிட்ட குடு. மாமாவுக்கு பேக்ஸ் பண்ணிக் கேக்கறேன்."

அவள் பேப்பரின் மேல் கையை வைத்தாள். "கிழிச்சிட மாட்டியே?"

என் கூடப் பிறந்தவள் என்னிடம் கேட்டாள். நான் கையை நீட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கொடுத்தாள். "நானும் வருவேன். மாமா சொல்றதை எங்காதால கேக்கணும்" என்றாள். ஆர்டரில் சேர இன்னும் நாலு நாள் இருந்தது.

ஐயங்கார் பூத்

கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்துச் சந்தில் ஒரு ஐயங்கார் பேக்ஸ் வைத்த பூத் நடத்தினார். அவர் மூத்த மகன் திருமலையில் கைங்கரியம். வெள்ளிக்கிழமை காலையில் நெற்றி நாமத்தின் ஈரம் காய்வதற்குள் கடையைத் திறந்தவரிடம் பேப்பரை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு அந்த அரபி எழுத்தைப் பார்த்தார், ஷீலாவின் போட்டோவைப் பார்த்தார், எண்களை அழுத்தினார். இரண்டு தடவை மெஷின் பேப்பரைக் கடித்துத் துப்பியது. மூன்றாவது தடவை போயிற்று.

வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை என்பது அப்புறம்தான் உறைத்தது. பேக்ஸ், பூட்டிய ஆபீசுக்குள் போய் விழுந்து கிடந்தது. அன்று முழுக்க மூன்று தடவை பூத்துக்குப் போனேன்.

"போன் வந்தா ஆளனுப்பறேம்மா. வெயில்ல அலையாதீங்கோ" என்றார் ஐயங்கார்.

சனிக்கிழமை மதியம் ஆள் அனுப்பினார். நானும் ஷீலாவும் ஓடினோம். பூத்தில் இருந்த வாடிக்கையாளரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு எங்களை உள்ளே விட்டார். ஷீலா ரிசீவரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். கண்ணாடிக் கூண்டுக்குள் அவள் மூச்சும் என் கணவரின் குரலும் எனக்குக் கேட்டன.

"ஷீலாம்மா, நம்ம கம்பெனியில அரபி படிக்கிற கேரளாக்காரர் ஒருத்தர் இருக்காரு. மூணு தடவை படிச்சிட்டாரு. நர்ஸ் வேலைன்னு எங்கியும் இல்லம்மா. வீட்டு வேலைன்னு போட்டுக்கீது. வேலைக்காரி விசா."

ஷீலா அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"மத்த மூணு பேருக்கும் இதே மாதிரி பேப்பர்தான் மாமா. எல்லாத்துலயும் ஒரே எழுத்துன்னா, அவங்களுக்கும் அதேதானா?"

"ஒரே எழுத்துன்னா அதேதாம்மா" என்றார் அவர். 

உள்ளே வரும் போனுக்கும் காசு உண்டு; ஐயங்கார் பில் கிழிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பை எடுத்து ஷீலா முன்னால் வைத்தார்.

சாட்சி நேரம்

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல ஷீலா எழுந்து போனாள். பிரசங்கியார் சிரித்த முகத்தோடு மைக்கைக் கொடுத்தார். அவள் விசாவைத் தூக்கிக் காட்டினாள். கூட்டம் அல்லேலூயா என்றது.

"இதுல நர்ஸ்னு இல்லீங்க. வேலைக்காரின்னு இருக்குது. எங்க மாமா படிக்கச் சொல்லிக் கேட்டுட்டாரு. மத்த மூணு பேரும் உங்க பேப்பரைக் காட்டிக் கேட்டுக்கங்க."

மைக் அணைந்தது. யார் அணைத்தது என்று தெரியவில்லை. வார்டில் கடைசிக் கட்டில்வரை கேட்கும்படி பேசிப் பழகியவள் அவள். அதையே இன்னொரு தடவை மைக் இல்லாமல் சொன்னாள், தெலுங்கிலும் சொன்னாள். பிரசங்கியார், "பிசாசின் தந்திரம்! எல்லாரும் கண்ணை மூடி ஜெபியுங்க!" என்று கத்தினார். பாதிப்பேர் மூடினார்கள். மூடாதவர்கள் பாஸ்டர் ஐயாவைப் பார்த்தார்கள்.

பாஸ்டர் ஐயா மெல்லிய மனிதர். யாருக்கும் எதிராக ஒரு வார்த்தை பேசாதவர். நான் மனசுக்குள் கோழை என்று முடிவு கட்டியிருந்தவர். அவர் எழுந்து மேஜைக்குப் போய் அதன் வெள்ளைத் துணியை மடித்தார்.

"பிரதர், எல்லார் பாஸ்போர்ட்டையும் திருப்பிக் குடுத்துடுங்க" என்றார். "போறவங்க தெரிஞ்சு போகட்டும்."

பாஸ்போர்ட்டுகள் அடுத்த வாரம் கூரியரில் வந்தன. பிரசங்கியார் வரவில்லை. அவர் எங்களை ஏமாற்றினார் என்று என்னால் இப்போதும் எழுத முடியவில்லை. ஏஜெண்டு சொன்னதை அவர் நம்பியிருக்கலாம். அனனியாவும் தான் சொன்னதை நம்பித்தான் சொல்லியிருப்பான். அதுதான் பயமாக இருக்கிறது. இனிப்பான வார்த்தையை உரத்துச் சொல்லும்போது சொல்பவனுக்கே அது கடவுளின் குரலாகக் கேட்டுவிடும். இன்றைக்கும் நம் மேடைகளில் நுகங்கள் உடைந்துகொண்டேதான் இருக்கின்றன. நாம் கை தட்டிக்கொண்டேதான் இருக்கிறோம்.

திங்கட்கிழமை, கடைசி நாள், மாலை நாலு மணிக்கு ஷீலா வேலையில் சேர்ந்தாள். நகரி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. அதற்குப் பிறகு எட்டு மாதம் என்னோடு பேசவுமில்லை. நான் சரியாகச் சொல்லிவிட்டேன் என்பதை மன்னிக்க அவளுக்கு அவ்வளவு நாள் பிடித்தது. பிற்பாடு அந்தப் பக்கத்துக் கிராமங்களில் எத்தனையோ பிள்ளைகள் அவள் கையில் பிறந்தன.

குணம்மாவின் முடிவு

நான்கு பேரில் மூன்று பேர் போகவில்லை. குணம்மா போகிறேன் என்றாள்.

லாட்ஜின் பின்பக்கம், ஈரவிரிப்புகள் தொங்கும் கொடிகளுக்கு நடுவே அவளிடம் ஒரு மணி நேரம் வாதாடினேன். பிழிந்துகொண்டே கேட்டாள்.

"டீச்சரம்மா, நான் இங்க பண்றது இன்னா வேலை? இதே வேலைதானே. அங்க போனா எம்பொண்ணு கல்யாணம் நடக்கும். முன்ன ஆஸ்பத்திரி வேலைன்னு பொய்யில போவ இருந்தேன். இப்ப இன்னான்னு தெரிஞ்சு போறேன். தெரிஞ்சு போறதுக்கும் கர்த்தர் கூட வருவாரில்ல?"

எரேமியாவை ஆறு மாதம் நடத்திய எனக்கு இதை அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தீர்க்கதரிசி யாரையும் கட்டிப்போடவில்லை. இருப்பதை இருப்பதாகச் சொன்னார். போனவர்களுக்கும் கடிதம் எழுதினார்.

எழுதிக் கொடுத்தால் படிக்கத் தெரியாது. அதனால் என் கணவர் அறையின் போன் நம்பரை மனப்பாடம் செய்ய வைத்தேன். மூன்று நாள், காலையும் மாலையும், இங்கிலீஷ் எண்களில். நடுவில் வரும் செவனையும் த்ரீயையும் மாற்றி மாற்றிச் சொல்லுவாள். சென்னை பஸ் கிளம்பும்போது ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அவள் ஒப்பித்தாள். மகள் அழுதாள். பஸ் திரும்பியது. கடைசி இரண்டு எண்கள் எனக்குக் கேட்கவில்லை.

ஐந்து மாதம் எந்தத் தகவலும் இல்லை. அவள் மகள் தினமும் நான் வேலை பார்த்த பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன், அவள் போய்விடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை குவைத்தில் என் கணவரின் அறையில் போன் அடித்தது. எடுத்தவுடன் ஒரு பெண் குரல் வணக்கம்கூடச் சொல்லாமல் ஒவ்வொரு எண்ணாக ஒப்பித்தது. செவன் முதலில், த்ரீ அப்புறம். எல்லாம் சரி. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு, குணம்மாவா? என்னாச்சும்மா? அடிக்கிறாங்களா? எங்க இருக்கே, சொல்லு, நாங்க இப்பவே கிளம்பி வர்றோம்!"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க ஐயா. நல்லாத்தான் துன்னுக்கினு கீறேன். இன்னிக்குத்தான் போனைத் தொடவிட்டாங்க. நம்பர் வேலை செய்யுதான்னு பாத்தேன்."

வைத்துவிட்டாள்.